நாய்க்கு வளர்ந்த சிறுநீர்ப்பை என் மகளுக்கு எப்போது கிடைக்கும்?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. பிறவியிலேயே முதுகுத்தண்டு பிளவு. பிறந்த மூன்றாம் நாளே முதுகில் ஆபரேஷன் ஆகிவிட்டது. காலுக்குத் தாங்கு கம்பியான கேலிப்பர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். சிறுநீர் தானாக வராது, தினமும் ஐந்து தடவை டியூப் விட்டு எடுக்கிறோம். மாத்திரை விடாமல் கொடுக்கிறோம், சிறுநீர்ப்பையின் இறுக்கம் தளர போடாக்ஸ் ஊசி இரண்டு முறை போட்டாயிற்று. போன மாதம் பிரஷர் டெஸ்டில் பை 140 மில்லிதான் பிடிக்கிறது, அழுத்தம் 55 என்று வந்தது. ஸ்கேனில் இடது கிட்னி வீங்கியிருக்கிறது. குடலில் ஒரு துண்டை எடுத்துச் சிறுநீர்ப்பையோடு தைத்துப் பெரிதாக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஆனால் அமெரிக்காவில் நாய்களுக்கு ஆய்வகத்திலேயே சிறுநீர்ப்பை வளர்த்து வைத்தார்கள் என்றும், அப்படி வைத்துக்கொண்ட ஓர் இளைஞர் மேடையேறிப் பேசினார் என்றும் ஒரு வீடியோ பார்த்தேன். அது இங்கே வரும்வரை காத்திருக்கலாமா? இன்னொரு இடத்தில் ஸ்டெம்செல் ஊசி போட்டால் போதும், மூன்று லட்சம் ஆகும் என்கிறார்கள். மகளோ, 'குடலை வெட்டிட்டா அப்புறம் நான் எப்படிச் சாப்பிடுவேன்?' என்று தினமும் கேட்கிறாள்.
– ஒரு தாய், தர்மபுரி மாவட்டம்

பதில்: அம்மா, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். காத்திருக்க வேண்டாம். ஸ்டெம்செல் ஊசிக்காரர்கள் பக்கம் போகவே வேண்டாம். காரணங்களைக் கீழே விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் பார்த்த வீடியோ பொய் இல்லை. பொய்யாக இருந்தால் ஒரே வரியில் முடித்திருப்பேன்.

அந்த நாய்க் கதையிலிருந்து ஆரம்பிப்போம். 1999-ல் பாஸ்டனில் அந்தோணி அட்டாலா என்ற சிறுநீரக அறுவை மருத்துவரும் அவருடைய குழுவும் 14 பீகிள் நாய்களில் செய்த சோதனை அது. நாயின் சிறுநீர்ப்பையிலிருந்து விரல்நகம் அளவு ஒரு துண்டை எடுத்தார்கள். அதிலிருந்த தசைச் செல்களையும் உள்தோல் செல்களையும் தனித்தனியாகப் பிரித்து வளர்த்தார்கள். சிறுநீர்ப்பை வடிவத்திலேயே ஒரு சாரம் செய்தார்கள். சாரம் என்றால் கட்டடத்துக்குச் சவுக்குக் கம்பு கட்டுவார்களே, அதேதான். கொத்தனார் ஏறி நின்று சுவர் எழுப்ப ஒரு பிடிமானம், சுவர் எழும்பியதும் பிரித்துவிடலாம். இங்கே யாரும் பிரிக்க வேண்டியதில்லை, அதுவாகவே கரைந்துவிடும். நாங்கள் தையல் போடும் கரையும் நூல் இருக்கிறதே, அதைச் செய்கிற பாலிகிளைகோலிக் அமிலம்தான் அந்தச் சாரத்துக்கும் மூலப்பொருள். வெளிப்பக்கம் தசைச் செல்கள், உள்பக்கம் உள்தோல் செல்கள் என்று அதன்மேல் விதைத்து, நாயின் சிறுநீர்ப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதைத் தைத்தார்கள்.

இரண்டு நாய்களுக்கு வெட்டியதோடு சரி, மிச்சமிருந்ததை மூடித் தைத்துவிட்டார்கள். ஆறு நாய்களுக்குச் செல் இல்லாத வெறும் சாரம். ஆறு நாய்களுக்குச் செல் விதைத்த சாரம். பழைய கொள்ளளவோடு ஒப்பிட்டால் முதல் கூட்டத்துக்கு 22 சதவீதம்தான் மிஞ்சியது, வெறும் சாரம் வைத்தவற்றுக்கு 46, செல் விதைத்தவற்றுக்கு 95. பதினொரு மாதம் வரை பார்த்தார்கள். தசை வளர்ந்திருந்தது, உள்தோல் வளர்ந்திருந்தது, நரம்பு இழைகள்கூட உள்ளே எட்டிப் பார்த்திருந்தன. அந்தக் கட்டுரையை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

அடுத்தது மனிதர்கள். 2006-ல் அதே குழு லான்செட் மருத்துவ இதழில் எழுதியது. 4 வயது முதல் 19 வயது வரை ஏழு பேர், எல்லோருமே உங்கள் மகளைப் போல முதுகுத்தண்டு பிளவோடு பிறந்தவர்கள். அவரவர் சிறுநீர்ப்பைச் செல்களையே ஏழெட்டு வாரம் வளர்த்து, சாரத்தில் விதைத்துத் தைத்தார்கள். சிலருக்கு வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரையை அதன்மேல் போர்த்திவிட்டார்கள், ரத்த ஓட்டம் கிடைக்கட்டும் என்று. அப்படிப் போர்த்தியவர்களுக்குத்தான் பலன் அதிகம், அவர்களிலும் சிறப்பாக வந்த வகையில் கொள்ளளவு ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேலே போனது. நீங்கள் வீடியோவில் பார்த்த இளைஞர் பத்து வயதில் இந்த மாதிரி அறுவை செய்துகொண்டவர், 2011-ல் மேடையேறினார். அவர் நன்றாக இருப்பது உண்மை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், இந்த ஏழு பேரின் கதை டியூப் இல்லாத வாழ்க்கையின் கதை இல்லை. பை பெரிதாகலாம், பையைக் காலி செய்யச் சொல்லும் நரம்பு புதிதாக முளைக்காது.

வீடியோவில் வராத பாகம் இதற்கு அப்புறம்தான். டென்ஜியன் என்றொரு கம்பெனி இந்த முறையைக் கையிலெடுத்து அடுத்த கட்டச் சோதனை நடத்தியது. முதுகுத்தண்டு பிளவு உள்ள பத்துப் பிள்ளைகள், மூன்று வருடக் கண்காணிப்பு. முடிவு 2014-ல் வெளியானது. கொள்ளளவு ஒருவருக்குக்கூடச் சொல்லும்படி கூடவில்லை. பையின் இளக்கம், அதாவது அழுத்தம் ஏறாமல் விரிந்துகொடுக்கிற தன்மை, சிலருக்குக் கொஞ்சம் கூடியது, ஆனால் அது சிகிச்சை என்று சொல்லும் அளவுக்கு இல்லை. நாலு பேருக்குக் குடல் அடைப்போ சிறுநீர்ப்பை கிழிதலோ வந்தது. ஒருவருக்குச் செல் சரியாக வளராமல் மறுபடியும் துண்டு எடுக்க வேண்டியிருந்தது. அதே வருடக் கடைசியில் கம்பெனியும் திவாலாகிவிட்டது.

நாயில் 95 சதவீதம் வந்தது, பிள்ளைகளில் ஏன் வரவில்லை?

முதல் காரணம் சாதாரணமானது, ஆனால் அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். அந்த நாய்களுக்கு எந்த வியாதியும் கிடையாது. நல்ல சிறுநீர்ப்பையை வெட்டி எடுத்துவிட்டுப் புதிது வைத்தார்கள், அதுவும் அடிப்பாகத்தை, அதாவது சிறுநீரகக் குழாய்கள் வந்து சேர்கிற முக்கோணப் பகுதியை, நரம்போடு அப்படியே விட்டுவிட்டுத்தான் வெட்டினார்கள். நாய் தானாகவே நிரப்பியது, தானாகவே காலி செய்தது. இந்த நிரம்பிக் காலியாகிற பயிற்சி, ஒட்டு, அதாவது புதிதாக வைத்துத் தைத்த பகுதி, வளர்வதற்கு ரொம்ப முக்கியம், கிணறு இறைக்க இறைக்கத்தான் ஊறும் என்பார்களே, அந்த மாதிரி. உங்கள் மகளுக்குப் பிரச்சினையே நரம்பில் ஆரம்பிக்கிறது. எட்டு வருடமாக அழுத்தத்தில் இருந்து தடித்துப்போன சிறுநீர்ப்பையிலிருந்துதான் விதைச் செல்லும் எடுக்க வேண்டும். இப்படிப்பட்ட பையின் தசைச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தவர்கள், அவை வேகமாகப் பெருகுகின்றன, ஆனால் சுருங்கி விரிகிற வேலையைச் சரியாகச் செய்வதில்லை என்று 2004-லேயே எழுதிவிட்டார்கள். விதை நெல்லே அப்படி இருக்கும்போது வயலைக் குறை சொல்லி என்ன பயன்?

இரண்டாவது ரத்தம். ஒரு செல் உயிரோடு இருக்க, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தூரத்துக்குள் ஒரு ரத்தநாளம் வேண்டும், அதற்கு மேல் ஆக்சிஜன் ஊறிப் போகாது. சின்ன ஒட்டாக இருந்தால் சுற்றியுள்ள நல்ல தசையிலிருந்து நாளங்கள் உள்ளே ஓடி வந்துவிடும். பெரிய ஒட்டின் நடுவில் அவை வந்து சேர்வதற்குள் செல் செத்துவிடும், அந்த இடத்தில் தழும்பு விழும், தழும்பு சுருங்கும், கஷ்டப்பட்டுப் பெரிதாக்கிய பை மறுபடியும் பழைய அளவுக்கே வந்து நிற்கும். பன்றிக் குடலின் சவ்வை வைத்து நாய்களில் செய்த சோதனைகளில் இதை வெட்டவெளிச்சமாகப் பார்த்தார்கள். சிறுநீர்ப்பையில் சுமார் 40 சதவீதத்தை எடுத்துவிட்டு ஒட்டு வைத்தபோது தசை அழகாக வளர்ந்தது. அதே சவ்வை, 90 சதவீதம் எடுத்த நாய்களுக்கு, செல் விதைத்தும் விதைக்காமலும் வைத்துப் பார்த்தபோது அப்படி வளரவில்லை, ஒட்டு சுருங்கிப் போனது. 2006-ல் வந்தது அந்த ஆய்வு. அது வந்த வருடமும் லான்செட் கட்டுரை வந்த வருடமும் ஒன்றுதான், பத்திரிகைகளில் எது தலைப்புச் செய்தியானது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சவ்வை நான் கையில் தொட்டிருக்கிறேன், வேறொரு அறுவைக்காக. உறையைப் பிரித்தால் காய்ந்த அப்பளம் மாதிரி மங்கலான வெள்ளையில் ஒரு தகடு. உப்புநீரில் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் தண்ணீரில் ஊறிய அப்பளம் போலத் தொங்கும், விளக்குக்கு நேரே பிடித்தால் என் விரல் தெரியும். பன்றிக் குடலின் உள்தோலையும் தசையையும் சுரண்டி, செல் எல்லாவற்றையும் கழுவிவிட்டு மிச்சம் வைக்கிற நார்ப் படலம் அது. இவ்வளவு மெல்லிசான ஒன்றைச் சிறுநீரில் போட்டு ஊறவைத்து, 'நீ இனிமேல் சிறுநீர்ப்பையாக மாறு' என்று சொல்கிறோம். பாதி வழியாவது அது மாறியதுதான் எனக்கு ஆச்சரியம்.

இன்னொரு எச்சரிக்கை, எலியைப் பற்றி. எலி ஆராய்ச்சி பற்றிச் செய்தி வந்தால் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள். எலியின் சிறுநீர்ப்பையில் சுமார் 70 சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு எந்த ஒட்டும் வைக்காமல் தைத்து மூடினாலே, எட்டு வாரத்தில் கிட்டத்தட்டப் பழைய கொள்ளளவுக்கு அதுவாகவே வளர்ந்துவிடும். அப்படிப்பட்ட பிராணியில் ஒரு சாரத்தை வைத்து 'வளர்ந்தது' என்றால், வளர்த்தது சாரமா, எலியா?

இதனால் விலங்கு ஆராய்ச்சியே வீண் என்று நான் சொல்லவில்லை. உங்கள் டாக்டர் இப்போது சொல்லியிருக்கும் குடல் ஒட்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1888-ல் இத்தாலியில் டிஸ்ஸோனி, ஃபோஜி என்ற இரண்டு பேர் நாய்களில் குடலைச் சிறுநீர்ப்பையோடு இணைத்துக் காட்டினார்கள். 1899-ல் மிக்குலிச் அதை மனிதருக்குச் செய்தார். பிறகு எத்தனையோ பொருளைப் போட்டிப் போட வைத்துப் பார்த்துவிட்டார்கள், 1917-லேயே நியூஹாஃப் என்பவர் தசையுறையை எடுத்து நாயின் சிறுநீர்ப்பையில் ஒட்டினார், அப்புறம் பிளாஸ்டிக் ஸ்பாஞ்சு, மூளை உறை, இதய உறை, பனிக்குட உறை. குடலை இன்னும் எதுவும் ஜெயிக்கவில்லை. காரணம் ரொம்ப எளிது, குடல் துண்டு தன் ரத்தக் குழாயோடு சேர்ந்தே வருகிறது. வேரில் தாய்மண்ணோடு பிடுங்கி நட்ட செடிக்கும், ஒடித்துக் குத்திய குச்சிக்கும் உள்ள வித்தியாசம்தான்.

சமீப வருடங்களில் நம்பிக்கை தருகிற வேலை இரண்டு இடத்தில் நடந்திருக்கிறது. பாஸ்டனில் பட்டிலிருந்து எடுக்கும் புரதத்தை இரண்டு அடுக்காகச் செய்து, சிறுநீர் படுகிற பக்கம் ஒழுகாத அடுக்கு, மறுபக்கம் செல் புகுந்து வளர இடம்விட்ட ஸ்பாஞ்சு அடுக்கு என்று வைத்துப் பன்றிகளில் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் தர்மபுரிக்காரர் என்பதால் சொல்கிறேன், உங்கள் ஊர் பட்டுக்கூடு சந்தையில் ஏலம் போகிற அதே பட்டுப்புழுவின் கூடுதான். ஷிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு, சிட்ரிக் அமிலத்தை வைத்துச் செய்த, ரப்பர் போல இழுபடும் ஒரு சாரத்தில் எலும்பு மஜ்ஜைச் செல்களை விதைத்து பபூன் குரங்குகளுக்கு வைத்து, இரண்டு வருடம் வரை பார்த்து 2024-ல் எழுதியிருக்கிறது. செல்லை வியாதிப்பட்ட சிறுநீர்ப்பையிலிருந்து எடுக்காமல் மஜ்ஜையிலிருந்து எடுத்தது எனக்குப் பிடித்திருக்கிறது, மேலே சொன்ன விதை நெல் பிரச்சினைக்கு அதுதான் நேரான பதில். ஆனால் அதுவும் ஆரோக்கியமான சில குரங்குகள்தான். லாஸ் ஏஞ்சலிஸில் 2025 மே மாதம் முதன்முதலாக மனித சிறுநீர்ப்பை மாற்று அறுவை நடந்ததே என்று கேட்பீர்கள். அது இறந்தவரின் உறுப்பு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும், உங்கள் மகளுக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

சரி, உங்கள் மகளின் ரிப்போர்ட்டுக்கு வருவோம். எட்டு வயதுக்குப் பை சுமார் 270 மில்லி பிடிக்க வேண்டும், வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் வரும் கணக்கு அது. அவளுக்கு 140. அதைவிட எனக்கு உறுத்துவது அந்த 55. பைக்குள் அழுத்தம், தண்ணீர் மட்டக் கணக்கில், 40 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் சிறுநீரகம் கெட ஆரம்பிக்கும் என்பது 1981-லிருந்து எங்களுக்குத் தெரிந்த எல்லைக்கோடு. இடது சிறுநீரகம் வீங்கியிருப்பது, அந்தக் கோட்டை அவள் எப்போதோ தாண்டிவிட்டாள் என்பதன் அடையாளம். வலி இருக்காது. விளையாடிக்கொண்டேதான் இருப்பாள். அதனால்தான் தள்ளிப் போடத் தோன்றுகிறது.

ஒரு தப்பை ஒப்புக்கொள்கிறேன். 2006-ல் அந்தக் கட்டுரை வந்த சூட்டில், என்னிடம் பையனை அழைத்து வந்த ஓர் அப்பாவிடம், 'இன்னும் ஐந்து வருஷத்தில் இது நம்ம ஊருக்கே வந்துவிடும் போலிருக்கிறது' என்று உற்சாகமாகச் சொல்லிவிட்டேன். காத்திருங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் காதில் அப்படித்தான் விழுந்தது. மூன்று வருடம் கழித்து மறுபடியும் வந்தார், சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற கிரியேட்டினின் என்ற கழிவு பையனுக்கு 2.4. குடல் ஒட்டு அறுவையை அதற்கு மேல்தான் செய்தோம். பை சரியாகிவிட்டது, போன சிறுநீரகம் திரும்பவில்லை. அந்த அப்பா என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் மோசம்.

குடல் ஒட்டு சொர்க்கம் என்றும் சொல்ல மாட்டேன். குடல் சிறுநீரைத் தேக்கிவைக்கப் படைக்கப்பட்டதில்லை, அது எங்கே போனாலும் தன் குணத்தைக் காட்டும். சளி சுரக்கும், டியூபில் முட்டையின் வெள்ளைக்கரு போல நூல்நூலாக வரும். அதைத் தினமும் உப்புநீர் ஏற்றிக் கழுவ வேண்டும், கழுவாவிட்டால் அதுவே கல்லாகும். சிறுநீரிலிருக்கும் அமிலத்தைக் குடல் உறிஞ்சுவதால் ரத்தத்தில் அமிலம் ஏறலாம், அதற்கு ரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் சோடா மாத்திரையும் உண்டு. ரத்தத்தில் பி12 வைட்டமின் அளவை வருடா வருடம் பார்க்க வேண்டும். பல வருடங்கள் போன பிறகு அந்த ஒட்டில் புற்றுநோய் வருகிற சின்ன அபாயமும் உண்டு, வாழ்நாள் முழுக்கக் கண்காணிப்பு வேண்டும். எல்லாவற்றையும்விட, டியூப் போடும் வேளை தவறக் கூடாது. கல்யாண வீடு, பஸ் பயணம், பரீட்சை, எதுவானாலும் சரி. நிரம்பி வழிந்து ஒட்டு கிழிந்தால் உயிருக்கே ஆபத்து, அதுவும் இந்தப் பிள்ளைகளுக்கு வயிற்றில் உணர்ச்சி குறைவு என்பதால் வலி தெரியாமல் வெறும் காய்ச்சலும் வாந்தியுமாகத்தான் ஆரம்பிக்கும். எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும் முதல் வார்த்தை 'இவளுக்குச் சிறுநீர்ப்பையில் குடல் ஒட்டு வைத்திருக்கிறது' என்பதாக இருக்கட்டும். இரண்டாவது வார்த்தை 'ரப்பர் கையுறை வேண்டாம்'. முதுகுத்தண்டு பிளவு உள்ள பிள்ளைகளுக்கு லேடெக்ஸ் ஒவ்வாமை சகஜம், இதுவரை உங்களிடம் யாரும் சொல்லவில்லையென்றால் டியூபையும் கையுறையையும் பிறந்தநாள் பலூனையும்கூட இன்றைக்கே மாற்றுங்கள்.

அந்த மூன்று லட்சம் பற்றி இரண்டு வரி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று தவிர வேறு எந்த ஸ்டெம்செல் சிகிச்சையையும் முறையான ஆராய்ச்சிக்கு வெளியே செய்யக் கூடாது, ஆராய்ச்சி என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. மேலே நான் சொன்ன பாஸ்டன், ஷிகாகோ ஆட்களே இத்தனை வருடம் சாரம் கட்டி, செல் வளர்த்து, திரை போர்த்தி இன்னும் தட்டுத் தடுமாறுகிறார்கள், இவர்கள் ஒரே ஊசியில் முடித்துவிடுவார்களாம். இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் உங்கள் பதிவு எண் என்ன என்று போனில் கேட்டுப் பாருங்கள். அதற்கு அப்புறம் உங்களுக்கு போன் வராது.

உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது வேறு. தொப்புள் வழியாக டியூப் விடுகிற மாதிரி ஒரு சின்னப் பாதையும் அதே அறுவையில் செய்யலாமா என்று கேளுங்கள், கேலிப்பர் போட்ட பெண்பிள்ளை பள்ளிக் கழிவறையில் தானே டியூப் போட்டுக்கொள்ள அது பெரிய உதவி. கழுவுவதை அறுவைக்கு முன்பே, பொம்மைக்கு ஊசி போடுகிற மாதிரி சிரிஞ்சை அவள் கையில் கொடுத்துப் பழக்குங்கள்.

அப்புறம் அவள் கேட்ட கேள்வி. அவளுடைய பென்சில் டப்பாவில் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல் இருக்கும், எடுத்துக் காட்டுங்கள். டாக்டர் எடுக்கப்போவது சுமார் இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர், இந்த ஸ்கேலைவிடக் குட்டை. வயிற்றுக்குள் குடல் மொத்தம் பல மீட்டர், வீட்டு வாசலிலிருந்து அடுப்படி வரை நீட்டினாலும் மிச்சமிருக்கும் என்று சொல்லுங்கள். வெட்டிய இரண்டு முனையையும் அப்போதே சேர்த்துத் தைத்துவிடுவார்கள். நாலைந்து நாள் வாயில் எதுவும் கிடையாது, கொஞ்சம் அழுவாள். அப்புறம் கஞ்சி, அப்புறம் இட்லி, அப்புறம் அவள் இஷ்டம்.